ஆகாய விமானமும் ஹைட்ரஜனும்: கணக்கைக் காட்டுங்கள்!

இனிமேல் ஆகாய விமானங்கள் தண்ணீரிலிருந்து எடுத்த வாயுவைக் கொண்டே பறக்கப் போகின்றன என்றும், அவற்றிலிருந்து புகையும் கரியும் வெளிவராது, சுத்தமான நீராவி மாத்திரமே வெளிவரும் என்றும் சில வருஷங்களாகப் பத்திரிகைகளில் படங்களோடு சேதிகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த வாயுவுக்கு ஹைட்ரஜன் என்று பெயர். நம்மவர்கள் முன்பு ஜலவாயு என்றும் சொல்லுவதுண்டு. இச்சேதியைப் படித்த சிலர் உலகத்தின் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டதாகவே பூரித்துப் போகின்றார்கள். வேறு சிலர், "இதெல்லாம் நடக்கிற காரியமா? வெடித்துச் சாம்பலாகிவிடும்" என்று கையை உதறிவிடுகின்றார்கள். இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே தவறைத்தான் செய்கின்றார்கள் என்பது நமது அபிப்பிராயம். ஒருவர் விசாரிக்காமல் நம்புகின்றார். மற்றவர் விசாரிக்காமல் பயப்படுகின்றார். பக்தியானாலும் பயமானாலும் விசாரணை இல்லாத இடத்தில் அறிவுக்கு வேலை இல்லை.

"நமக்கும் ஆகாய விமானத்துக்கும் என்னையா சம்பந்தம்? நாமோ பஸ்ஸுக்குக் காசு தேடுகிறவர்கள்" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் சம்பந்தம் இருக்கின்றது. விமானத்தில் ஏறுகிறவன் ஒருவன், அதன் புகையால் கெட்டுப்போகும் வானத்தின் கீழ் மழைக்குக் காத்திருக்கிறவன் வேறொருவன். புதிய எண்ணெய் வேண்டுமென்று பயிர் நிலத்தைக் கேட்டால் அது நம் நிலம். சர்க்கார் உதவித் தொகை கொடுத்தால் அது நம் வரிப்பணம். ஆகையால் ஏறாதவனே முதலில் கேள்வி கேட்க வேண்டியவனாக இருக்கின்றான்.

இப்பொழுது எரிவது என்ன?

பெரிய விமானங்களில் இன்று எரிவது ஏதோ தெய்வீகமான திரவமல்ல. நம் வீட்டு லாந்தரில் எரிந்த மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்ததுதான். கொஞ்சம் சுத்தி செய்து, குளிரில் உறையாதபடி பக்குவப்படுத்தப்பட்டது. இதில் ஒரு கிலோ எரிந்தால் மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு உண்டாகின்றது. ஒரு கிலோவில் இருந்து மூன்று கிலோவா என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. எண்ணெயில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராணவாயுவை இழுத்துச் சேர்த்துக்கொள்ளுவதால் எடை கூடுகின்றது.

உலகத்தில் எரிபொருள்களால் உண்டாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு 2023-ம் வருஷத்தில் விமானங்களினால் ஏற்பட்டது. இது அற்பமென்று சிலர் சொல்லுகின்றார்கள். இந்த இரண்டரைப் பங்கு யாருக்காக என்று பார்த்தால் அல்லவோ விஷயம் விளங்கும்? 2018-ம் வருஷத்து நிலையை ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், அந்த வருஷத்தில் உலக ஜனங்களில் நூற்றுக்குப் பதினொரு பேர்தான் விமானத்தில் ஏறியிருக்கின்றார்கள். அதிலும் ஓயாமல் பறக்கும் நூற்றுக்கு ஒரு பேர் மட்டும் பிரயாணி விமானங்களின் புகையில் பாதிக்குப் பொறுப்பாளிகளாக இருக்கின்றார்கள் என்பதாகும். நூறு பேர் உள்ள ஒரு தெருவில் ஒருவன் வீட்டு அடுப்பிலிருந்தே பாதிப் புகை வந்தால் தெருவார் சும்மா இருப்பார்களா? இது ஆகாயத்தில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மண்ணெண்ணெய்க்குப் பதில் வேறொன்று வேண்டும் என்பதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. வேண்டும் என்றே சொல்லுகின்றோம். ஆனால் அது எது, எங்கிருந்து வருகின்றது, யார் தலையில் செலவு விழுகின்றது என்பதுதான் கேள்வி.

பூதமும் வாயுவும்

ஹைட்ரஜன் ஒன்றும் நேற்று வந்த புதுமையல்ல. பஞ்சபூதங்களில் தண்ணீர் ஒன்று என்றும், அதைப் பிரிக்க முடியாது என்றும் நம் நாட்டில் மாத்திரமல்ல, ஐரோப்பாவிலும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1766-ம் வருஷத்தில் கேவண்டிஷ் என்னும் ஆங்கிலேயர் இந்த வாயுவைத் தனியாகப் பிரித்துப் பரீட்சை செய்து காட்டினார். பிறகு இதையும் பிராணவாயுவையும் சேர்த்து எரித்தால் தண்ணீர் உண்டாகின்றது என்று கண்டு, தண்ணீர் ஒரு பூதமல்ல, இரண்டு வாயுக்கள் சேர்ந்த ஒரு பொருள் என்று பிரான்ஸ் தேசத்து லவாய்சியர் வெளிப்படுத்தினார். ஹைட்ரஜன் என்ற பெயருக்கே தண்ணீரை உண்டாக்குவது என்றுதான் அர்த்தம்.

1783-ம் வருஷம் ஆகஸ்டு 27-ந்தேதி, சார்ல்ஸ் என்ற சாஸ்திர நிபுணர் பாரிஸ் பட்டணத்தில் ஒரு பட்டுப் பையில் இந்த வாயுவை நிரப்பி ஆளில்லாமல் மேலே விட்டார். இரும்பின் மேல் கந்தகத் திராவகத்தை ஊற்றி அதிலிருந்து எழும்பிய வாயுவையே பையில் பிடித்தார். அந்தப் பை கோனெஸ் என்னும் கிராமத்தில் போய் விழுந்தது. வயலில் துள்ளுகின்ற அந்த உருவத்தைக் கண்ட கிராமத்தார் ஏதோ ஒரு ராட்சஸப் பிராணி என்று எண்ணி, கத்தியாலும் கவைக்கோலாலும் குத்திக் கிழித்துவிட்டார்கள். இம்மாதிரிப் பைகளைக் கண்டு ஜனங்கள் பயப்பட வேண்டாமென்று சர்க்கார் விளம்பரம் போட வேண்டியதாயிற்று. அதே வருஷம் டிசம்பர் 1-ந்தேதி அந்தச் சார்ல்ஸும் ராபர்ட் என்பவரும் அதே வாயுவின் உதவியால் தாங்களே ஆகாயத்தில் ஏறி இரண்டு மணி நேரம் பிரயாணம் செய்து சௌக்கியமாக இறங்கினார்கள். மூன்று மாதத்துக்கு முன் பூதமாயிருந்தது மூன்று மாதத்துக்குப் பின் வாகனமாயிற்று. வாயு மாறவில்லை, மனிதனின் அறிவுதான் மாறிற்று.

இதன் பிறகு 1937-ம் வருஷம் மே 6-ந்தேதி ஹிண்டன்பர்க் என்னும் ஜெர்மன் ஆகாயக் கப்பல் அமெரிக்காவில் லேக்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் இறங்கும்போது தீப்பற்றி எரிந்து, கப்பலில் இருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் நின்ற ஒருவரும் இறந்தார்கள். அன்று முதல் ஹைட்ரஜன் என்றாலே அந்த நெருப்புத்தான் ஜனங்களுக்கு ஞாபகம் வருகின்றது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கப்பலில் ஹைட்ரஜன் எரிபொருளாக இருக்கவில்லை. கப்பலை மிதக்க வைப்பதற்காகவே பிரமாண்டமான பைகளில் அடைக்கப்பட்டிருந்தது. அதன் இஞ்சின்கள் டீசல் எண்ணெயில் ஓடியவை. எரியாத ஹீலியம் வாயு அமெரிக்காவில் இருந்தும், அதை வெளிநாட்டுக்கு அனுப்ப அந்நாட்டுச் சட்டம் தடுத்ததால் ஜெர்மானியர் ஹைட்ரஜனையே நிரப்பினார்கள். ஆகவே அந்த விபத்தைக் காட்டி இன்றைய பேச்சை மூடிவிடப் பார்ப்பது, ஒரு வீட்டுக் கூரை எரிந்ததைக் காட்டி ஊரில் அடுப்பே கூடாது என்று சொல்லுவதற்குச் சமானமாகும்.

பறக்குமா? பறக்கும்

இந்த வாயுவை எரித்து விமானம் பறக்குமா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. 1957-ம் வருஷம் பிப்ரவரி மாதத்திலேயே அமெரிக்கர்கள் ஒரு யுத்த விமானத்தின் இரண்டு இஞ்சின்களில் ஒன்றை ஹைட்ரஜனில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். 1988-ம் வருஷம் ஏப்ரல் 15-ந்தேதி சோவியத் தேசத்தில் டுபோலெவ் 155 என்னும் பெரிய விமானம் ஒரு இஞ்சினில் திரவ ஹைட்ரஜனை எரித்துப் பறந்தது. ராக்கெட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நமது திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் திரவ ஹைட்ரஜனில் ஓடும் இஞ்சின்களை வைத்துத்தான் பரீட்சை நடத்துகின்றார்கள். இந்தியாவிலேயே செய்த அத்தகைய இஞ்சினோடு 2014-ம் வருஷம் ஜனவரி 5-ந்தேதி ராக்கெட் ஒன்று வெற்றியாக மேலே சென்றது.

ஆகவே பறக்கும் என்பது மெய். பின் ஏன் இன்னும் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கவில்லை? இதற்குக் காரணம் அதிர்ஷ்டமும் அல்ல, நேரமும் அல்ல, சுபாவமும் கணக்கும்தான்.

ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ மண்ணெண்ணெயின் சக்தி இருக்கின்றது. எடையைப் பார்த்தால் இது லாபம். ஆனால் இடத்தைப் பார்த்தால் நஷ்டம். வாயுவாக வைத்தால் அது ஊரையே அடைத்துக்கொள்ளும். திரவமாக்க வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி வரைக்கும் குளிரச் செய்ய வேண்டும். அப்படித் திரவமாக்கின பிறகும், ஒரு குடம் மண்ணெண்ணெயில் உள்ள சக்தியை வைக்க நான்கு குடம் வேண்டும். மண்ணெண்ணெயை விமானத்தின் இறக்கைக்குள்ளேயே ஊற்றிவைத்துவிடுகின்றார்கள். இதை அப்படி வைக்க முடியாது. சூடு புகாத, உருண்டையான கனத்த தொட்டி வேண்டும். அது பிரயாணிகள் உட்காரும் இடத்தைத் தின்றுவிடும். ஆகவே விமானத்தையே புதிதாகச் செய்ய வேண்டும். இறங்குகின்ற ஊர்தோறும் அந்தக் குளிர்ந்த திரவத்தை வைக்கவும் ஊற்றவும் வசதி செய்ய வேண்டும்.

2020-ம் வருஷத்தில் ஐரோப்பாவின் ஏர்பஸ் கம்பெனியார் 2035-ம் வருஷத்துக்குள் ஹைட்ரஜன் விமானத்தை ஓட்டிவிடுவதாகப் படங்களோடு வெளிப்படுத்தினார்கள். 2025-ம் வருஷத் தொடக்கத்தில், சொன்ன காலத்தில் முடியாது என்று அவர்களே ஒப்புக்கொண்டு வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். 2023-ம் வருஷத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஸ்லொவீனியாவிலும் சிறிய விமானங்கள் இந்த வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்துப் பரீட்சைக்காகப் பறந்தது உண்மையே. ஆனால் அவ்விதம் பறக்கவிட்ட கம்பெனிகளில் ஒன்று மறு வருஷமே பணமில்லாமல் மூடப்பட்டுவிட்டது. நாம் இதைச் சொல்லுவது பரிகாசத்துக்காக அல்ல. முயன்று தோற்பது விஞ்ஞானத்தில் குற்றமே அல்ல. தேதி தவறியதை ஒப்புக்கொண்டவர்களையும் குறை சொல்ல மாட்டோம். தேதி குறிக்கும்போது கொட்டின மேளத்தைத் தேதி தவறினபோதும் பத்திரிகைகள் கொட்டியிருந்தால் ஜனங்களுக்கு அறிவு வளர்ந்திருக்கும் என்பதே நமது குறை.

வாயுவின் பிறப்பு

இவ்வளவும் இஞ்சினியர்களுடைய சங்கடம். அவர்கள் இன்றோ நாளையோ அதைத் தீர்த்துவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுவோம். நமது முக்கியமான கேள்வி வேறு. அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகின்றது?

நிலக்கரி சுரங்கத்தில் கிடக்கின்றது. எண்ணெய் பூமியில் ஊறுகின்றது. ஹைட்ரஜனோ பெரும்பாலும் வேறு பொருள்களோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால், அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தெடுக்கச் சக்தியைச் செலவிட வேண்டும். ஆகவே அது சக்தியின் ஊற்று அல்ல, சக்தியைச் சுமந்து வரும் குடமே. குடத்தில் என்ன ஊற்றினோமோ அதைவிடக் குறைவாகத்தான் திரும்ப எடுக்க முடியும். இதை மறைத்து, தண்ணீரே எரிபொருளாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் பாமர ஜனங்களை ஏமாற்றுகின்றார்கள் என்றே சொல்லுவோம்.

இன்று உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய பத்துக் கோடி டன் ஹைட்ரஜன் உற்பத்தியாகின்றது. அதில் மிகப் பெரும் பங்கு பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவையும் நிலக்கரியையும் கொண்டே செய்யப்படுகின்றது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வெளியேறுகின்றது. கரியில்லாத முறையில் கிடைப்பது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் விமானத்தின் பின்னால் நீராவி மாத்திரம் வருவதில் என்ன புண்ணியம்? எரிவாயு ஹைட்ரஜன் ஒரு கிலோவின் கரியோ பத்து கிலோ. அதே சக்தியுள்ள மண்ணெண்ணெயின் கரி எட்டே முக்கால் கிலோதான். புகைபோக்கியை ஆகாயத்திலிருந்து எடுத்து ஏதோ ஒரு ஊர்த் தொழிற்சாலையில் நட்டதாக ஆகின்றதே ஒழிய வேறென்ன?

இதற்காகவே வியாபாரிகள் இந்த வாயுவுக்கு வர்ணங்கள் வகுத்திருக்கின்றார்கள். எரிவாயுவிலிருந்து வந்தால் சாம்பல் நிறம். அதே வாயுவிலிருந்து எடுத்துக் கரியைப் பூமிக்குள் புதைப்பதாகச் சொன்னால் நீலம். சூரிய வெளிச்சம், காற்று ஆகியவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தெடுத்தால் பச்சை. உண்மையில் இந்த வாயுவுக்கு நிறமே கிடையாது. மனிதரில் வர்ண பேதம் கூடாது என்றும், பிறப்பை விசாரித்து உயர்வு தாழ்வு சொல்லக்கூடாது என்றும் நாம் இத்தனை காலம் சொல்லிவருகின்றோம். ஆனால் இந்த வாயு ஒன்றுக்கு மட்டும் அதன் பிறப்பை விசாரித்தே தீர வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்களாக இருக்கின்றோம். ஏனெனில், மனிதன் எந்த வயிற்றில் பிறந்தாலும் மனிதனே. இந்த வாயுவோ நிலக்கரியில் பிறந்தால் ஊருக்குப் புகை, வெயிலில் பிறந்தால் புகையில்லை. வெறும் பச்சைச் சீட்டு ஒட்டிவிட்டால் போதாது. நெற்றியில் பூசியதைப் பார்த்து ஆளின் யோக்கியதையை முடிவு செய்யாதவர்கள், பீப்பாயில் பூசியதைப் பார்த்து வாயுவின் யோக்கியதையை முடிவு செய்யலாமா?

ஒரு சாதாரணக் கணக்கு

சரி, எல்லாம் வெயிலிலும் காற்றிலும் பிறந்த பச்சை வாயுவே என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக விமானங்கள் வருஷத்துக்கு ஏறக்குறைய 30 கோடி டன் மண்ணெண்ணெய் எரிக்கின்றன. அவ்வளவு சக்திக்கு ஹைட்ரஜன் ஏறக்குறைய 10 கோடி டன் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரமும், அதைத் திரவமாக்க இன்னும் 10 யூனிட்டும் ஆகும். பெருக்கிப் பார்த்தால் 6 லட்சம் கோடி யூனிட் வருகின்றது. இந்தியா முழுவதிலும் ஒரு வருஷத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் போல் இது மூன்று மடங்கு!

ஆகையால் தண்ணீர் கிடைக்குமா என்பதைவிட மின்சாரம் கிடைக்குமா என்பதே பெரிய கேள்வியாகும். எத்தனையோ குடிசைகளில் இன்னும் சரியாக விளக்கெரியாத உலகத்தில், இவ்வளவு மின்சாரம் முதலில் யாருக்கு? கிணற்றுப் பம்புக்கா, ஆஸ்பத்திரிக்கா, பறக்கிறவனுக்கா? இந்தியாவில் 2023-ம் வருஷம் ஜனவரியில் பச்சை ஹைட்ரஜனுக்காக 19,744 கோடி ரூபாயில் ஒரு திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றது. அது விமானத்துக்கென்று செய்யப்பட்டதல்ல. உரத்துக்கும் எண்ணெய் சுத்தி செய்வதற்கும் இப்பொழுதே ஏராளமான ஹைட்ரஜன் செலவாகின்றது. அது ஏறக்குறைய முழுவதும் கரி உள்ள வாயு. பச்சை வாயு கிடைக்குமானால் முதலில் அந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பதே புத்தியுள்ள காரியம். உரம் எல்லோருடைய சோற்றுக்கும் உதவுகின்றது. பந்தியில் பசித்தவனுக்கு முதலில் பரிமாறுவதுதான் முறை.

மற்ற எண்ணெய்கள்

ஹைட்ரஜனுக்கு நாளாகும் என்று தெரிந்துகொண்டவர்கள், இப்போதிருக்கும் விமானத்திலேயே ஊற்றக்கூடிய தாவர எண்ணெய்களையும் கழிவு எண்ணெய்களையும் பற்றிப் பேசுகின்றார்கள். 2023-ம் வருஷம் நவம்பர் 28-ந்தேதி லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பெரிய விமானம், பூமியில் எடுத்த எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல் பெரும்பாலும் சமைத்து மீந்த எண்ணெயிலும் கொழுப்பிலும் செய்த எரிபொருளைக் கொண்டே பறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் உலகத்தில் வடை சுட்டு மீந்த எண்ணெய் எவ்வளவு இருக்கும்? 2024-ம் வருஷத்தில் இம்மாதிரி எரிபொருள் அத்தனையும் சேர்த்து ஏறக்குறைய 10 லட்சம் டன்தான் கிடைத்தது. அதாவது விமானங்களுக்கு வேண்டியதில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு.

மீந்த எண்ணெய் போதாது என்றதும் கண் நிலத்தின் மேல் விழுகின்றது. இதில் நமக்கு அனுபவம் இருக்கின்றது. 2003-ம் வருஷத்தில் இந்திய திட்டக் கமிஷன் ஏற்படுத்திய கமிட்டியார், காட்டாமணக்கு பயிரிட்டால் தேசத்துக்கு வேண்டிய டீசலில் ஐந்தில் ஒரு பங்கை 2011-12-க்குள் அதிலிருந்தே எடுத்துவிடலாம் என்றார்கள். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், தரிசில் தானே வளரும் என்று பிரசாரம் நடந்தது. தமிழ்நாட்டிலும் அதை நம்பிப் பயிரிட்ட விவசாயிகள் உண்டு. தண்ணீரில்லாமல் செடி உயிரோடு இருந்தது, ஆனால் காய்க்கவில்லை. தண்ணீர் விட்டால் காய்த்தது. ஆனால் அந்தத் தண்ணீருக்கு வேறு பயிரே லாபமாயிருந்தது. கடைசியில் பிடுங்கிப் போட்டார்கள். 2018-ம் வருஷம் ஆகஸ்டு 27-ந்தேதி டேராடூனிலிருந்து டில்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருளைக் கலந்து ஒரு விமானம் பறந்தது. விமானம் பறந்ததைப் பத்திரிகைகள் எழுதின. செடியைப் பிடுங்கினவன் கதையை எத்தனை பத்திரிகைகள் எழுதின?

பாட்டரி மின்சாரத்தில் பறக்கலாமே என்றால், ஒரு கிலோ மண்ணெண்ணெயில் உள்ள சக்தியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் ஒரு கிலோ பாட்டரியில் அடங்குகின்றது. பக்கத்து ஊருக்குச் சிலரைக் கொண்டுபோக அது உதவலாம்; கடலைத் தாண்ட உதவாது.

புதிய பிராயச்சித்தம்

புதிய எரிபொருள் வருகின்றவரை என்ன செய்வது என்றதற்கு ஒரு தந்திரம் கண்டிருக்கின்றார்கள். எங்கேயோ மரம் வைத்ததாகவும், எங்கேயோ கரியைக் குறைத்ததாகவும் எழுதப்பட்ட சீட்டுகளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால், தாங்கள் விட்ட புகை கழிந்துவிட்டதாகக் கணக்கெழுதிக்கொள்ளலாம் என்பதே அது. சர்வதேச விமானங்களுக்கு இந்த முறையை 2016-ம் வருஷத்தில் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்டன. பாவத்தைச் செய், காணிக்கையைச் செலுத்து, கழிந்துவிடும் என்கின்ற வித்தையைக் கேட்டுக் கேட்டு நம் காது புளித்துப் போயிருக்கின்றது. அன்று தட்சிணை வாங்கினவன் கையில் தர்ப்பை இருந்தது. இன்று விற்கின்றவன் கையில் சர்ட்டிபிகேட்டு இருக்கின்றது. புகையோ இரண்டு காலத்திலும் வானத்தில்தான் இருக்கின்றது. வைத்த மரம் பிழைத்ததா, அது இல்லாவிட்டாலும் அங்கே வளர்ந்திருக்குமா என்று கேட்டால், பெரும்பாலும் ஒழுங்கான பதில் கிடைப்பதில்லை.

இன்னொரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். ஏழை ஓட்டும் மோட்டார் சைக்கிளின் பெட்ரோலுக்கு வரி உண்டு. ஆனால் நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் எண்ணெய்க்குப் பெரும்பாலும் வரி இல்லை. 1944-ம் வருஷத்துச் சிகாகோ உடன்படிக்கையும் அதற்குப் பிறகு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் அவ்விதம் ஏற்படுத்திவிட்டன. குழந்தைத் தொழிலுக்கு அன்று கொடுத்த சலுகையை, குழந்தைக்கு எண்பது வயது தாண்டின பிறகும் எடுக்கவில்லை!

நாம் சொல்லுவது என்ன?

இவ்வளவும் எழுதினதால் நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. ஆராய்ச்சி நடக்க வேண்டும். தாராளமாக நடக்க வேண்டும். ஹைட்ரஜன் விமானம் ஒரு நாள் வரட்டும்; வந்தால் முதலில் மகிழ்ச்சியடைகிறவர்கள் நாமாகவே இருப்போம். விஞ்ஞானியின் பேரால் வியாபாரி செய்யும் பிரசாரத்தைத்தான் ஆக்ஷேபிக்கின்றோம். விஞ்ஞானி எப்பொழுதும் கணக்கைக் காட்டுகின்றவன். கணக்கைக் காட்டாமல் நம்பச் சொல்லுகின்றவன் எந்த உடுப்பில் வந்தாலும் புரோகிதனே ஆவான்.

"நாளைக்கு ஏழைகளும் பறக்க வேண்டாமா? இப்பொழுது தடுத்தால் அவர்களுக்கல்லவா நஷ்டம்?" என்றும் கேட்கின்றார்கள். ஏழைகள் பறப்பதை நாம் தடுக்கவில்லை. அரபு நாட்டுக்கும் மலேயாவுக்கும் கூலி வேலைக்குப் போகின்ற நம்மவன் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளை குட்டிகளைப் பார்க்கப் பறந்து வருவதும், ஒரு சீமான் வாரந்தோறும் தன் சொந்த விமானத்தில் உல்லாசமாகப் போய்வருவதும் ஒன்றாகுமா? முன்னவன் பேரைச் சொல்லிப் பின்னவனுக்குச் சலுகை கேட்பது, அன்னதானத்தின் பேரால் வசூலித்து விருந்து சாப்பிடும் சூழ்ச்சிதான்.

ஆகவே நாம் கேட்பவை சிலவே. முதலாவது, புகையில்லாத எண்ணெய் என்று சொல்லப்படும் எதற்கும் அதன் பிறப்பு முதல் எரிந்து முடிகிற வரைக்கும் உள்ள கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இரண்டாவது, சோற்றுக்குப் பயிராகும் நிலத்தையும் கிணற்றையும் ஆகாயத்துக்காகக் கேட்கக்கூடாது. மூன்றாவது, ஆராய்ச்சிச் செலவையும் மாற்றத்தின் செலவையும் அடிக்கடி பறக்கிறவன் தலையில் வைக்க வேண்டுமே ஒழிய, பறக்காதவன் தலையில் வைக்கக்கூடாது. நான்காவது, ரயிலில் போகக்கூடிய தூரத்துக்கு ரயிலை நன்றாக விட வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய சில வழிகளில் உள்நாட்டு விமானம் கூடாதென்று 2023-ம் வருஷத்தில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் அந்தத் தேசம் கெட்டுப்போய்விடவில்லை.

கோனெஸ் கிராமத்தார் அன்று ஒரு வாயுப் பையைப் பூதமென்று குத்தினார்கள். அவர்களுக்கு யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. ஆகவே அவர்கள் மேல் குற்றமில்லை. இன்று நமக்கு எழுத்தும் பத்திரிகையும் கணக்கும் இருக்கின்றன. இருந்தும் அதே வாயுவைச் சாமியென்று கும்பிடுவோமானால் குற்றம் நம்முடையதே ஆகும். குத்தவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். பக்கத்தில் போய், "நீ எங்கே பிறந்தாய்? உன்னை உண்டாக்க என்ன எரிந்தது? அதற்கு யார் காசு கொடுத்தார்?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் கணக்கோடு பதில் சொல்லுகிற எண்ணெயை வரவேற்போம். பதில் சொல்லாததைப் பச்சை என்றாலும் நீலம் என்றாலும் ஒப்புக்கொள்ளாதிருப்போம்.